கோட்டைக்கு முன் பார்க்கிங்: பிரான்ஸின் பழைய இடங்களை மோட்டார்ஹோமில் பார்ப்பது எப்படி

மோட்டார்ஹோம் எடுத்து ஐரோப்பா சுற்றுவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுவார்கள். பட்டியல் நல்லதுதான். ஆனால் வண்டி எங்கே நிற்கும், இரவு எங்கே தங்கும், அங்கிருந்து கோட்டை வாசலுக்கு எதில் போவது என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகே ஓர் இடம் அதில் ஏற வேண்டும். ஏழு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள வண்டியோடு ஒரு பழைய ஊரின் கடைசி மூன்று கிலோமீட்டரில் மாட்டிக்கொண்டால், அதற்கு முன் ஓட்டிய முந்நூறு கிலோமீட்டரும் மறந்துபோகும்.

இங்கே பிரான்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மோட்டார்ஹோமுக்கு இவ்வளவு வசதி செய்து வைத்திருக்கும் நாடு ஐரோப்பாவில் குறைவு. குகை ஓவியத்திலிருந்து ரோமானியர் கட்டிய கால்வாய் வரை ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். பாரிஸ் பக்கமிருந்து கிளம்பி நார்மண்டி, பிரிட்டனி மாகாணம், லுவார் பள்ளத்தாக்கு, குகை ஓவியங்கள் உள்ள தோர்தோன், மதில் சூழ்ந்த கார்காசோன், பிறகு ரோமானியர் பாலமான போன் து கார் என்று போகும் வழி இது. மூன்று வாரம் இருந்தால் நிதானமாகப் போகலாம். இரண்டு வாரம்தான் என்றால் பிரிட்டனியையோ தோர்தோனையோ விட்டுவிடுங்கள். இரண்டையும் ஓட்டமாகப் பார்ப்பதில் பயனில்லை.

உயரமும் எடையும்

சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடியது மொத்த எடை 3,500 கிலோ வரை உள்ள வண்டி. இந்திய உரிமத்தோடு சுற்றுலா வருகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கி வர வேண்டும். 3,500 கிலோ என்பது ஆட்கள், தண்ணீர், டீசல், அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து. நல்ல தண்ணீர்த் தொட்டி 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதை நிரப்பிக்கொண்டு ஓட்டினால் 100 கிலோ சும்மா சுமக்கிறீர்கள். ஓடும்போது 20, 30 லிட்டர் போதும். தங்கப்போகும் ஊரில் நிரப்பிக்கொள்ளலாம். தண்ணீர் வசதி இல்லாத இடத்தில் தங்குவதாக இருந்தால் மட்டும் அதற்கு முந்தைய நிலையத்தில் நிரப்புங்கள்.

வாடகை நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இருக்கும் உயரத்தை நம்ப வேண்டாம். கூரைமேல் ஏசி, ஆன்டெனா, பெட்டி இருந்தால் அதையும் சேர்த்து அளந்து, உயரம், அகலம், நீளம், எடை நான்கையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். பிரெஞ்சு வழக்கில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். சிவப்பு வட்டத்துக்குள் 2,8 என்றிருந்தால் 2.8 மீட்டருக்கு மேல் போகாதே என்று அர்த்தம். பொது வாகன நிறுத்தங்களின் வாசலில் குறுக்குக் கம்பி பெரும்பாலும் இரண்டு மீட்டர் அளவில் தொங்கும். அது மோட்டார்ஹோமை வெளியே நிறுத்துவதற்காகவே வைத்தது. ஜிபிஎஸ்ஸில் கார் என்று வைத்திருந்தால், இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்க கிராமத்து நடுத்தெருவுக்குள் இழுத்துவிடும். வண்டி அளவைக் கொடுக்கக்கூடிய செயலியைப் பயன்படுத்துங்கள். கண்ணாடியோடு சேர்த்து அகலம் 2.6 மீட்டரைத் தாண்டும் என்பதை மறக்கக்கூடாது.

டோலிலும் உயரம்தான் கணக்கு. 3.5 டன் வரை உள்ள வண்டி இரண்டு மீட்டருக்கு மேல், மூன்று மீட்டருக்குக் கீழ் இருந்தால் இரண்டாம் வகுப்பு. மூன்று மீட்டரைத் தொட்டாலோ, எடை 3.5 டன்னைத் தாண்டினாலோ மூன்றாம் வகுப்பு. ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை வைத்த வண்டிகள் பலவும் இதில் சிக்கும். நீண்ட தூரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 2.95 மீட்டர் வண்டியை இயந்திரம் மூன்றாம் வகுப்பாகக் காட்டினால் உதவிப் பொத்தானை அழுத்திச் சொல்லுங்கள், திருத்துவார்கள். சில டோல் வரிசைகளில் 2 மீட்டர் கம்பி இருக்கும். பச்சை அம்புக்குறி உள்ள வரிசையே நமக்குப் பாதுகாப்பு.

பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13, ஏ14 சாலைகளில் இப்போது டோல் வாசலே கிடையாது. மேலே இருக்கும் கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும். 72 மணி நேரத்துக்குள் நாமே இணையத்தில் போய்க் கட்ட வேண்டும். மறந்தால் அபராதம் வண்டி உரிமையாளருக்குப் போகும். வாடகை வண்டியாக இருந்தால் அபராதத்தோடு நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேர்ந்து உங்கள் அட்டையில் பிடிக்கப்படும். அன்றிரவே கட்டிவிடுவது நல்லது.

பாரிஸுக்குள் வண்டியைக் கொண்டுபோகவே வேண்டாம். பாரிஸைப் பார்க்க வேண்டுமானால் வண்டியை எடுக்கும் முன்னாலோ திருப்பிக் கொடுத்த பின்னாலோ பாருங்கள். வண்டி கையில் இருக்கும்போதுதான் முடியும் என்றால், வெளியே ஒரு கேம்பிங்கில் விட்டுவிட்டு ஆர்இஆர் என்ற புறநகர் ரயிலில் போய்வாருங்கள்.

இரவுத் தங்கல்

பிரான்ஸில் இரவு தங்க மூன்று வழிகள். ஒன்று, ஊராட்சிகளும் தனியாரும் மோட்டார்ஹோமுக்கென்று நடத்தும் நிறுத்துமிடம். அங்கே இதை ‘ஏர்’ என்பார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சில இலவசம், சிலவற்றில் கட்டணம் உண்டு. இரண்டு, கேம்பிங். மின்சாரம், குளியல், துவைக்கும் இயந்திரம் எல்லாம் கிடைக்கும். மூன்று, பிரான்ஸ் பாசியோன் என்ற அமைப்பில் உறுப்பினராகிப் பெறுவது. திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் தங்கள் நிலத்தில் 24 மணி நேரம் நிறுத்த இடம் கொடுப்பார்கள். ஆனால் தண்ணீர், கழிவு வசதி அவர்கள் பொறுப்பல்ல. மூன்றையும் கலந்து போவதே சுகம். இரண்டு இரவு ஏர், அடுத்த இரவு கேம்பிங் என்று போனால் துணியும் துவைக்கப்படும், பேட்டரியும் முழுதாக ஏறும்.

நிறுத்துவது வேறு, முகாம் போடுவது வேறு. இந்த வித்தியாசத்தை பிரெஞ்சுப் போலீஸ் நன்றாகவே பார்க்கும். சக்கரம் தரையில், சன்னல் வண்டியின் அகலத்துக்குள், வெளியே ஒன்றும் இல்லை என்றால் அது நிறுத்தம். பந்தலை விரித்து நாற்காலியைப் போட்டால் முகாம். கடற்கரையிலும், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் சுற்றுவட்டாரத்திலும் முகாமிடத் தடை உண்டு. அந்தச் சுற்றுவட்டாரம் பொதுவாக 500 மீட்டர். அதனால்தான் புகழ்பெற்ற இடங்களின் வாசல் நிறுத்தத்தில் பகலில் விடுவார்கள், இரவில் எழுப்பி அனுப்புவார்கள். செயலியில் ‘போன வருஷம் இங்கே நிம்மதியாகத் தூங்கினோம்’ என்று யாராவது எழுதியிருக்கலாம். வாசலில் உள்ள பலகை என்ன சொல்கிறதோ அதுவே சட்டம்.

பலகையோடு இன்னொன்றையும் பாருங்கள்: சந்தை நாள். பிரெஞ்சுச் சிற்றூர்களில் வாரச் சந்தை கூடுவது ஊர் நடுவே உள்ள அதே பெரிய மைதானத்தில்தான். முந்தின நாள் மாலை காலியாக, கோயில் கோபுரம் தெரிய, கைவீசி அழைக்கிற மாதிரி இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு மீன் வண்டிக்காரர் வந்து கதவைத் தட்டுவார். தட்டினால் அதிர்ஷ்டம். சில ஊர்களில் நேராக இழுவை வண்டிதான் வரும். கம்பத்தில் ஒட்டியிருக்கும் சின்னப் பலகையில் கிழமையும் நேரமும் இருக்கும்.

கழிவு நிலையத்தில் செய்யும் வரிசை முக்கியம். முதலில் சமையல், குளியல் கழிவுநீரைத் தரைக் கம்பிவலை மேல் திறந்துவிடுங்கள். அடுத்தது கழிப்பறைப் பெட்டி. அதற்கென்று தனித் துளை இருக்கும், கம்பிவலையில் கொட்டுவது பெரிய அநாகரிகம். பெட்டியைக் கழுவ வைத்திருக்கும் குழாயில் நல்ல தண்ணீர்க் குழாயை ஒருபோதும் மாட்டாதீர்கள். முந்தின ஆள் பெட்டியின் வாயை அதில் முட்ட வைத்துத்தான் கழுவியிருப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடைசியாக நல்ல தண்ணீர். ‘ஓ போத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கலாம், அதற்கு முன்னால் ‘நோன்’ இருந்தால் கூடாது. பிரான்ஸில் குழாய்த் திருகு 20/27, 15/21 என்ற இரு அளவுகளில் வரும். இரண்டுக்கும் பொருந்தும் இணைப்பான் ஒவ்வொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு போட்டதும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும், எனவே குழாயை மாட்டி மறுமுனையைத் தொட்டியில் செருகிய பிறகே காசு. சில இடங்களில் காசு செல்லாது, டோக்கன்தான். டோக்கன் விற்கும் சுற்றுலா அலுவலகமோ பேக்கரியோ மதியம் மூடியிருக்கும். பனிக்காலத்தில் குழாய் உறையும் என்பதால் பல ஊர்களில் தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள்.

கழிப்பறைப் பெட்டி 17 முதல் 20 லிட்டர். மூன்று பேருக்கு இரண்டு நாள் தாங்கும், நான்கு பேருக்கு அதுவும் சந்தேகம். எனவே வசதி இல்லாத இடத்தில் தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் திட்டமிட வேண்டாம். கோட்டைகளிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கும் கழிப்பறையை விடாமல் பயன்படுத்துவது இந்தப் பயணத்தின் எழுதாத விதி.

நம் சமையலுக்காக ஒரு வார்த்தை. கேம்பிங்கில் கிடைப்பது பல இடங்களில் 6 ஆம்பியர், அதாவது சுமார் 1,380 வாட். மிக்ஸி ஓடும். 2,000 வாட் கெட்டிலோ இண்டக்‌ஷன் அடுப்போ போட்டால் மின்சாரம் நின்றுவிடும். மின்சாரம் இல்லாத ஏரில் மிக்ஸியும் கிடையாது, தேங்காய்ச் சட்னியை மறந்துவிடலாம். கேஸ் அடுப்பில் குக்கர் வைப்பதே சிக்கனம். சோறு வடித்த கஞ்சியைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வெயில் காலத்தில் இரண்டே நாளில் புளித்து, வண்டி முழுக்க நாறும்.

டிக்கெட்டும் மூடும் நாளும்

பிரெஞ்சு தேசிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் செவ்வாயன்று மூடும், லூவ்ரும் அப்படியே. வெர்சாய் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை, நகராட்சி அருங்காட்சியகங்கள் பலவும் திங்கள்தான். மே 1-இல் ஏறக்குறைய எல்லாம் மூடல். சிற்றூர்த் தேவாலயங்களும் சின்ன அருங்காட்சியகங்களும் மதியம் 12-லிருந்து 2 வரை பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். நீண்டகால மூடல்களையும் கவனியுங்கள். நார்மண்டியில் எல்லோரும் பார்க்கத் துடிக்கும் பாயோ ஓவியத் துணியின் (இடைக்காலப் போரைப் பூத்தையலில் காட்டும் நீண்ட துணி) அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. அது தெரியாமல் பாயோவை நம்பி நார்மண்டியில் ஒரு நாளை ஒதுக்கிவிடாதீர்கள்.

வயது, குடியிருப்பு விதிகள் தமிழர்களுக்கு நேரடியாகப் பணம் சம்பந்தப்பட்டவை. தேசிய நினைவுச்சின்னங்களில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களானால் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கும் இலவசம். குடியுரிமை தேவையில்லை, வசிப்பு அட்டை போதும். 2026 ஜனவரி 14 முதல் லூவ்ரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு டிக்கெட் 32 யூரோ, மற்றவர்களுக்கு 22. ஷாம்போர், வெர்சாய் போன்ற இடங்களும் இதே இரு விலை முறைக்கு வருகின்றன. சென்னையிலிருந்து வரும் பெற்றோருக்கு ஒரு விலை, ஜெர்மனியில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஒரு விலை. லண்டன் தமிழர்களும் இப்போது வெளிநாட்டார்தான். அட்டையைப் படம் பிடித்துப் போனில் வைத்தால் சில வாசல்களில் ஏற்கமாட்டார்கள், அசலை எடுத்துப் போங்கள். ஆனால் கடவுச்சீட்டை வண்டியில் விட்டுப் போகாதீர்கள். சுற்றுலா நிறுத்தங்களில் பகல் நேரத்துத் திருட்டு சகஜம். மோட்டார்ஹோமின் கதவுகளும் சன்னல்களும் திருடனுக்குப் பெரிய தடையல்ல.

நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு பல தேசிய நினைவுச்சின்னங்களில் எல்லோருக்கும் இலவசம். செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் பாரம்பரிய நாட்கள் வரும். வழக்கமாகத் திறக்காத கட்டடங்களெல்லாம் அன்று திறக்கும், கூட்டமும் அப்படியே இருக்கும். புகழ்பெற்ற இடங்களை அன்று தவிர்த்துவிட்டு, பெயர் தெரியாத ஊரின் நீதிமன்றத்தையோ மடத்தையோ பாருங்கள்.

மோன் சென் மிஷேல்: அமாவாசை பார்த்துப் போகும் இடம்

நார்மண்டியில் கடலுக்குள் நிற்கும் பாறை, அதன்மேல் மடம். இப்போதுள்ள தேவாலயத்தின் கட்டுமானம் 1023-இல் தொடங்கியது. வண்டி நிறுத்துமிடம் பாறையிலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம். முன்பெல்லாம் அடிவாரம் வரை வண்டி போகும். சாலைக் கரை தண்ணீரைத் தடுத்து, மணல் சேர்ந்து, பாறை நிலத்தோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. அதனால் கூஎனோன் ஆற்றில் புது அணை கட்டி, பழைய கரையை அகற்றி, 2014-இல் தூண்கள் மேல் நிற்கும் பாலம் போட்டார்கள். நிறுத்துமிடத்திலிருந்து ஷட்டில் பஸ் இலவசம், நடந்தால் முக்கால் மணி நேரம். மோட்டார்ஹோமுக்குத் தனிப் பகுதி உண்டு, கார் பகுதிக்குள் நுழைந்துவிடாமல் படம் போட்ட பலகையைப் பின்பற்றுங்கள். இரவுக்கு எங்கள் தேர்வு சுமார் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொவுவார் கிராமத்து ஏர். அங்கிருந்து ஆற்றோரமாகச் சைக்கிள் பாதை நேராகப் போகும்.

இங்கே டிக்கெட்டைவிட ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, முக்கியம். ஐரோப்பியக் கண்டத்தின் மிகப் பெரிய ஓதங்களில் இதுவும் ஒன்று. பிரெஞ்சு அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் 20 முதல் 120 வரை ஓர் எண் கொடுத்திருப்பார்கள். 90-ஐத் தாண்டினால் தண்ணீர் பாறையைச் சூழ்வதைப் பார்க்கலாம். 110-ஐத் தாண்டினால் பாலத்தின் முனையும் மூழ்கி, உச்ச நேரத்தில் நிஜமாகவே தீவாகிவிடும். நம் நாள்காட்டி இதற்கு உதவும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றரை, இரண்டு நாள் கழித்து ஓதம் உச்சம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் வருவது ஆண்டிலேயே பெரியது. உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே மேலே இருந்தால்தான் தண்ணீர் மணல்மேல் நாக்கு நாக்காக வருவது தெரியும். உச்சத்தில் போய் நின்றால் வெறும் கடலைத்தான் பார்ப்பீர்கள். அட்டவணையை அச்சிட்ட தாளில் வாங்கினால் கோடை நேரத்துக்கு ஒரு மணி சேர்த்தாயிற்றா என்று பாருங்கள். வழிகாட்டி இல்லாமல் மணலில் இறங்கி நடக்காதீர்கள், புதைமணல் உண்டு.

காலை 10-லிருந்து மாலை 4 வரை அந்த ஒற்றைத் தெருவில் தேர்த்திருவிழாக் கூட்டம்தான். மோட்டார்ஹோமின் முழு லாபமும் இங்கே தெரியும்: பேருந்துக் கூட்டம் கிளம்பிய பிறகு ஐந்து மணி வாக்கில் ஏறுங்கள். மடம் கோடையில் 7 மணி வரை, மற்ற மாதங்களில் 6 வரை. கடைசி நுழைவு அதற்கு ஒரு மணி நேரம் முன்பு. சுமார் 350 படிகள், பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை. முட்டிவலி உள்ளவர்கள் மடத்தை விட்டுவிட்டு மதில்மேல் நடக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

கார்நாக்கும் லுவாரும்

பிரிட்டனியின் கார்நாக்கில் சுமார் 3,000 நடுகற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 2025-இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மெனெக் பகுதியில் 11 வரிசை, கெர்லெஸ்கானில் 13. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கற்களுக்கு நடுவே வழிகாட்டியோடுதான் விடுவார்கள், மற்றவர்கள் வேலிக்கு வெளியே. அக்டோபர் முதல் மார்ச் வரை சும்மா நடக்கலாம். லட்சக்கணக்கான கால்கள் மிதித்து மண் அரித்து, கற்களின் அடி தெரியத் தொடங்கியதால் வந்த ஏற்பாடு இது. கோடையில் போகிறவர்கள் மனம் தளர வேண்டாம். காட்டுக்குள் தனியாக நிற்கும் மானியோவின் பெரிய கல், ஆறரை மீட்டர் உயரம், எந்நாளும் திறந்திருக்கும். கடற்கரை ஊர்களில் இரவு நிறுத்தத் தடை அதிகம், கோடையில் கேம்பிங்கை முன்பதிவு செய்யுங்கள்.

லுவாரில் அரண்மனைகள் நிறைய. நாளுக்கு இரண்டுக்கு மேல் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். ஒன்றே ஒன்று என்றால் ஷாம்போர். மன்னர் முதலாம் பிரான்சுவா 1519-இல் தொடங்கியது, 426 அறைகள், 282 கணப்புகள். நடுவில் உள்ள இரட்டைச் சுருள் படிக்கட்டில் ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, இருவரும் சாளரம் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், எதிரெதிரே மோதிக்கொள்ள மாட்டார்கள். அரண்மனையைச் சுற்றி 5,440 ஹெக்டேர் காடு, 32 கிலோமீட்டர் மதில். செப்டம்பர் நடுவிலிருந்து மான்கள் இணைசேரும் காலம், அந்தி சாய்ந்த பிறகு காட்டுச் சாலையில் 50-க்கு மேல் ஓட்டாதீர்கள். லுவார் கரையில் நல்ல சைக்கிள் பாதைகள் உண்டு, வண்டியை ஓரிடத்தில் விட்டுச் சைக்கிளில் பார்ப்பதே உத்தமம். பின்னால் சைக்கிள் தாங்கி வைத்தவர்கள் இங்கிருந்து ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ இறங்குவதாக இருந்தால் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட 50 சென்டிமீட்டர் சதுரப் பலகை கட்டாயம். பிரான்ஸில் கேட்கமாட்டார்கள்.

தோர்தோன்

ஆதிமனிதன் ஓவியம் தீட்டிய லாஸ்கோ குகை 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் வெளிச்சமும் சுவரில் பச்சைப் பாசியை வளர்த்ததால் 1963-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இப்போது மோந்திஞாக்கில் பார்ப்பது 2016-இல் திறந்த முழு அளவுப் பிரதி. நகல்தானே என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது தவறு. பாறையின் புடைப்பைக் காளையின் தோளாக அந்த ஓவியன் எப்படிப் பயன்படுத்திக்கொண்டான் என்பது நகலிலும் பிசகாமல் தெரிகிறது. நேரம் குறித்த டிக்கெட், கோடையில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். உள்ளே குளிராக இருக்கும், ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

அசலே வேண்டும் என்பவர்களுக்கு லெ எசியில் ஃபோன் த கோம் குகை. வண்ண ஓவியங்களை அசலாகப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய மிகச் சில குகைகளில் ஒன்று. ஒரு நாளைக்கு மிகக் குறைந்த ஆட்களையே விடுவார்கள். ஆகவே முதலில் இதன் டிக்கெட்டைப் பிடித்து, அந்தத் தேதியை மையமாக வைத்து தோர்தோன் நாட்களை அமையுங்கள். வழி குறுகல், பையோடு நுழைய முடியாது.

ரொக்கமதூர் செங்குத்துப் பாறையில் ஒட்டிய யாத்திரைத் தலம். வண்டியை மேலே லோப்பித்தலே பக்கம் நிறுத்தி இறங்குங்கள், நடுவில் உள்ள தெரு நமக்கில்லை. யாத்திரிகர்கள் முழங்காலால் ஏறிய 216 படிகள் பிடிக்காவிட்டால் லிஃப்ட் இருக்கிறது.

கார்காசோன்

சுமார் மூன்று கிலோமீட்டர் மதில், 52 கோபுரம், இரட்டைச் சுற்று. ஊருக்குள் நுழையவும் இரு மதில்களுக்கிடையே நடக்கவும் டிக்கெட் வேண்டாம், கோட்டை அரண்மனைக்கும் மதில்மேல் நடைக்கும் மட்டுமே. அந்த இடைவழியில் காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று வாருங்கள். உள்மதிலின் அடிப்பகுதியில் சின்னச் சின்னக் கற்களுக்கு நடுவே செங்கல் பட்டைகள் ஓடினால் அது ரோமானியர் காலத்துப் பகுதி. அதன்மேல் பெரிய வெட்டுக்கல் வந்தால் இடைக்காலம். கூர்மையான கோபுரக் கூரைகள் 1853-இல் தொடங்கிய வியோலே ல துய்க் என்ற கட்டடக் கலைஞரின் மராமத்து. அந்தக் கூரை இந்தப் பகுதியின் பாணியே அல்ல என்று அன்றிலிருந்து சண்டை. இதையெல்லாம் பகலில் கூட்டத்தோடு பார்த்தால் கண்ணில் படாது. மேட்டின் கீழ் ஓடையோரம் நடந்து போகும் தூரத்தில் கேம்பிங் இருப்பதால் இந்த அதிகாலை நடை எளிது. ஜூலை 14 வாணவேடிக்கை அன்று மட்டும் ஊர்ப்பக்கம் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள், சாலைகளை அடைத்துவிடுவார்கள்.

போன் து கார்

கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற இடங்களைவிட இங்கே பொறுமை தேவை. நீம் நகருக்கு ஊசேஸ் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோக ரோமானியர் முதல் நூற்றாண்டில் போட்ட கால்வாயின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். மொத்த இறக்கம் 13 மீட்டர்கூட இல்லை. கார்தோன் ஆற்றைக் கடக்கும் இடத்தில் மூன்றடுக்குப் பாலம், ஏறக்குறைய 49 மீட்டர் உயரம். கீழே 6 வளைவு, நடுவில் 11, மேலே இன்று 35. கீழ் இரண்டு அடுக்கிலும் சாந்தே இல்லை. ஆறு டன் வரையிலான கற்களை நெருக்கமாகப் பொருத்தி எடையாலேயே நிறுத்தியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கல்லைக் கவனித்தவர்களுக்கு இங்கே நிற்க நேரம் போதாது.

பாலத்தின் முகத்தில் கற்கள் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும். அது அலங்காரமல்ல, சாரம் தாங்க விட்டவை. வளைவின் உட்புறம் அண்ணாந்து பாருங்கள். கற்களில் எந்தக் கல் எந்த இடத்துக்கு என்று வெட்டிய எழுத்தும் எண்ணும் தெரியும். நிழல் சாய்வாக விழும் காலையிலும் மாலையிலும்தான் கண்ணுக்கு அகப்படும், நண்பகல் வெயிலில் மறைந்துவிடும். மேலே தண்ணீர் ஓடிய தடத்துக்குள் போக வழிகாட்டியோடு தனிச்சுற்று உண்டு. அதில் சுவரின் இரு பக்கமும் தடிமனாகப் படிந்திருக்கும் சுண்ணாம்புப் படிவைப் பார்க்கலாம். பராமரிப்பு குறையக் குறைய வாய்க்கால் குறுகிப்போன கதை அந்தப் படிவில் இருக்கிறது.

இரு கரையிலும் கட்டண நிறுத்தம் உண்டு, அருங்காட்சியகம் இடது கரையில். இரவு தங்க அனுமதி இல்லை. பக்கத்து ஊரின் கேம்பிங்கில் போட்டுவிட்டுக் காலையில் முதல் ஆளாக வாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஆற்றில் குளிக்கிற கூட்டம் பதினொரு மணிக்கே நிறுத்தத்தை நிரப்பிவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கூரைச் சன்னலைத் திறந்து வைக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டியே திணறும்.

செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தெற்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று செவென் மலையில் மோதிக் கொட்டும் மழை, சில மணி நேரத்தில் கார்தோனைப் பல மீட்டர் உயர்த்திவிடும். 2002 செப்டம்பர் வெள்ளம் அப்படி வந்ததுதான். வானிலை நிலையமான மெத்தேயோ பிரான்ஸ் வெளியிடும் வரைபடத்தில், பாலம் இருக்கும் கார் (Gard) மாவட்டம் ஆரஞ்சு நிறமானால் ஆற்றோரக் கேம்பிங்கை அன்று மாலையே காலி செய்து, மேட்டில் உள்ள ஊசேஸ் பக்கம் வண்டியை ஏற்றிவிடுங்கள். இரவில் தண்ணீர் வந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தால், புல்தரையில் நிற்கும் மூன்றரை டன் வண்டியின் முன்சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும்.